முதலில் நடை, அப்புறம் விமானம்: கறுப்பினப் பெண்கள் பயணக் குழு தொடங்கும் வழி

சனிக்கிழமை காலை ஏழு மணி. அட்லாண்டாவின் பீட்மாண்ட் பூங்கா வாசலில் என் அலுவலகத் தோழி இரண்டு மடக்கு நாற்காலியையும் ஒரு கட்டு தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு நின்றாள். வருகிறேன் என்று சொன்னவர்கள் பதினோரு பேர். வந்தவர்கள் மூன்று பேர். அந்த மூன்றில் ஒருத்தி வேறு வாசலில் இருபது நிமிடம் காத்திருந்துவிட்டு வியர்த்துப்போய் வந்தாள். ஏழு வருடம் கழித்து இன்று அவள் தொடங்கிய குழுவில் நாற்பதுக்கு மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். கானாவரை போய்வந்துவிட்டார்கள்.

நான் அந்தக் குழுவில் உறுப்பினர் இல்லை. அது கறுப்பினப் பெண்களுக்கான குழு. நான் தமிழச்சி. கணக்குத் தாளைச் சரிபார்த்துக் கொடுப்பதும் விடிகாலை விமானத்துக்குக் காரில் கொண்டுபோய் விடுவதும்தான் என் வேலை. ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்ததில், புதிதாகக் குழு தொடங்குபவர்கள் தோழியிடம் வந்து கேட்கிற கேள்விகளும் அவள் சொல்லும் பதில்களும் எனக்கு மனப்பாடம். அவற்றைத்தான் எழுதுகிறேன். தொடங்கப்போவது வேறு குழுவாக இருந்தாலும் பாதிக்கு மேல் பொருந்தும்.

பொருந்தாத பகுதி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு ஊர்ப் பயணம் என்பது நீண்ட காலம் எச்சரிக்கையோடு செய்யவேண்டிய காரியமாக இருந்தது. எந்த ஊரில் தங்க இடம் கிடைக்கும், எந்த பெட்ரோல் பங்க்கில் கழிவறைக்குள் விடுவார்கள் என்று தெரியாமல் கிளம்ப முடியாது. நியூயார்க்கின் ஹார்லெமில் வசித்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் 'கிரீன் புக்' என்ற கையேட்டைத் தொடங்கியது இதற்காகத்தான். அதில் இடம்பெற்ற தங்கும் வீடுகளில் பலவற்றை நடத்தியவர்கள் பெண்கள். ஒரு அறையை ஒழித்துக் கொடுத்து, காலையில் பலகாரம் செய்து போட்டு, அடுத்த ஊரில் யாரைப் பார்க்கவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். இன்றைய பயணக் குழுக்கள் பலவும் அதே வேலையைத்தான் செய்கின்றன, செல்போன் மட்டும் கூடுதல்.

எல்லாம் பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2015 ஆகஸ்டில், கலிஃபோர்னியாவில் ஒரு வாசகர் வட்டத்துப் பெண்கள் 11 பேர் நாபா பள்ளத்தாக்கின் ஒயின் ரயிலில் ஏறினார்கள். ஒருவரைத் தவிர எல்லாரும் கறுப்பினப் பெண்கள். எண்பதைக் கடந்த ஒருவரும் இருந்தார். சத்தமாகச் சிரிக்கிறார்கள் என்று வழியிலேயே இறக்கிவிட்டார்கள். நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது, வழக்கு மறு வருடம் சமரசத்தில் முடிந்தது. சேர்ந்து சிரிக்க ஒரு இடம் வேண்டும் என்று இவர்கள் சொல்லும்போது இந்த மாதிரி அனுபவங்களும் அதற்குள் இருக்கின்றன.

யாருக்கு என்று எழுதிவையுங்கள்

முதல் வேலை பெயர் வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பெயர், சின்னம், டீ ஷர்ட் எல்லாம் அப்புறம். ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: யாருக்கு, எந்த ஊரில், என்ன செய்ய. தோழியின் தாளில் இருந்தது இதுதான்: "அட்லாண்டா பக்கத்தில் வசிக்கும், முப்பத்தைந்து வயது கடந்த கறுப்பினப் பெண்கள், மாதம் ஒருமுறை நடக்க, வருடம் ஒருமுறை ஊருக்குப் போக."

இதில் ஒவ்வொரு சொல்லும் பின்னால் ஒரு சண்டையைத் தவிர்த்திருக்கிறது. குழந்தைகளை அழைத்து வரலாமா? கணவர் வரலாமா? கரீபியத் தீவுகளில் இருந்தோ நைஜீரியாவில் இருந்தோ வந்தவர்கள் சேரலாமா? (சேரலாம். அவர்கள் வந்த பிறகுதான் சாப்பாடு களைகட்டியது.) கறுப்பினம் அல்லாத தோழி வரலாமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டவள் நான்தான். அவள் சிரித்துவிட்டு, "நடைக்கு வேண்டாம், விமான நிலையத்துக்கு வா" என்றாள். கொஞ்சம் சுருக்கென்றது, மறுக்கவில்லை. பின்னால் புரிந்தது: எதையும் யாருக்கும் விளக்காமல் பேசுவதற்காக அவர்கள் கூடுகிறார்கள். நான் இருந்தால் யாராவது ஒருத்தி எனக்கு விளக்கிக்கொண்டே இருக்கவேண்டி வரும்.

மூன்று பேர் போதும்

ஜெசிகா நபோங்கோ 2019இல் சீஷெல்ஸில் இறங்கி, உலகின் 195 நாடுகளையும் பார்த்த முதல் கறுப்பினப் பெண் என்று பதிவானார். எவிடா ராபின்சன் 2011இல் தொடங்கிய நோமட்னஸ் பயணக் குழு பெரிதாக வளர்ந்தது. இவர்களுடைய பயணப் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் பாலி, துபாய் என்று ஆரம்பிப்பார்கள். ஒருவரோடு ஒருவர் இட்லிக்கடை வரைகூடப் போனதில்லை, பத்து நாள் ஒரே அறையில் தங்கப் போகிறார்கள்!

வீட்டுப் பக்கத்தில் தொடங்குங்கள். நடை நல்ல தொடக்கம். செலவில்லை, கையில் ஒரு வேலை இருப்பதால் புதியவர்களுக்குப் பேச்சு வராவிட்டாலும் சங்கடமில்லை. பெரிய அமைப்புகள் சிலவும் இப்படித்தான் வேர் பிடித்தன. கேர்ல்ட்ரெக் 2010இல் தொடங்கியது, தினம் 30 நிமிட நடை என்பதுதான் அதன் அழைப்பு. ஓட விரும்பும் பெண்களுக்கு 2009இல் பிளாக் கேர்ல்ஸ் ரன் வந்தது. அதே வருடம் ஓக்லாந்தில் ரூ மேப் தொடங்கிய அவுட்டோர் ஆஃப்ரோ ஆண் பெண் எல்லாரையும் மலைக்கும் ஆற்றுக்கும் அழைத்துப் போகிறது. உங்கள் ஊரில் இவற்றின் கிளை இருந்தால் முதலில் அதில் போய் நாலு வாரம் நடந்து பாருங்கள். அங்கேயே உங்கள் மூன்று பேர் கிடைக்கலாம்.

நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். மாதத்தின் முதல் சனி, காலை ஏழு என்றால் ஏழுதான். யாருக்கு எந்த நாள் வசதி என்று வாக்கெடுப்பு வைத்தீர்களா, போச்சு. முதல் நாள் இரவு ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடுங்கள். செய்தி அனுப்பினால் பெருவிரலைக் காட்டிவிட்டுத் தூங்கிவிடுவார்கள், குரல் கேட்டால்தான் எழுந்து வருவார்கள். வாசலை வரைபடத்தில் குறித்து அனுப்புங்கள். புதிதாக வருபவரை எதிர்கொள்ள ஒருத்தி வாசலிலேயே நிற்கவேண்டும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். கூட்டமாகச் சிரித்துக்கொண்டு நிற்பவர்களைத் தூரத்தில் பார்த்துவிட்டு, காரை விட்டு இறங்காமலே திரும்பிப் போனவர்கள் உண்டு. ஒருத்தி ஒரு வருடம் கழித்து அதைச் சொன்னபோதுதான் வாசலில் ஆள் நிறுத்தும் வழக்கம் வந்தது.

தெற்கு மாநிலங்களில் மூத்த பெண்களைப் பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள், அவருக்குக் கல்யாணமாகிப் பேரப்பிள்ளை இருந்தாலும் சரி. வடக்கிலிருந்து புதிதாக வந்த இளம்பெண்கள் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூத்தவர் முகம் சுண்டிவிடும். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார், அடுத்த மாதம் வரமாட்டார். இதைக் குழுத் தலைவி காதோடு சொல்லிவைப்பது நல்லது.

செய்திக் குழுவுக்கு வேலி

இருபது பேர் ஆனதும் செல்போன் குழுவுக்கு விதி வேண்டும். அவர்கள் வைத்திருப்பது நாலே நாலு. சேருவதற்கு முன் ஒரு நடைக்காவது வந்திருக்கவேண்டும். விற்பனை கூடாது, முடித் தைலம் முதல் காப்பீடு வரை எதுவானாலும். உள்ளே பேசியதைப் படம் பிடித்து வெளியே அனுப்பக்கூடாது. இரவு பத்துக்கு மேல் அவசரத்தைத் தவிர வேறெதுவும் போடக்கூடாது. நிர்வாகி இரண்டு பேர் இருக்கட்டும், ஒருவர் ஊரில் இல்லாதபோது மற்றவர் பார்த்துக்கொள்வார்.

ஒரு நாள் பயணம்

நாலைந்து மாதம் நடந்த பிறகு காலையில் போய் இரவில் திரும்பும் பயணம் ஒன்று. அட்லாண்டாவில் இருப்பவர்களுக்குப் பக்கத்து மாநிலமான அலபாமாவின் மாண்ட்கமரி நல்ல தேர்வு. சுமார் 160 மைல், இரண்டரை மணி நேரம், ஒரே நெடுஞ்சாலை. வழியில் டஸ்கீகி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கறுப்பின விமானிகள் பயிற்சி பெற்ற இடத்தைப் பார்க்கலாம். ஒரு சங்கதி: அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தின் எல்லையைத் தாண்டி அலபாமாவுக்குள் போனால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். போகும்போது லாபம், திரும்பும்போது நஷ்டம். முதல் பயணத்தில் இதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒன்பதுக்குள் வீட்டில் இருப்பேன் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்தவள் பத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மாண்ட்கமரியில் 2018இல் திறந்த நினைவிடம் இருக்கிறது. இனவெறிக் கும்பல்களால் கொல்லப்பட்டவர்களுக்கானது. 800க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்கள், மாவட்டத்துக்கு ஒன்றாக, பெயர் பொறித்துத் தொங்குகின்றன. யாராவது ஒருத்தி தன் பாட்டி ஊரின் தூணைத் தேடிக்கொண்டு போவாள். எனவே நினைவிடத்தை விட்டு வந்த உடனே படம் எடுக்கலாம், கடைக்குப் போகலாம் என்று அட்டவணை போடாதீர்கள். ஒரு மணி நேரம் சும்மா உட்கார விடுங்கள். எந்த இடத்துக்குப் போனாலும் கனமான பகுதியைக் காலையில் வையுங்கள், சாப்பாடும் சிரிப்பும் பின்னால் வரட்டும்.

அந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. பேருந்துகளில் இருந்த இனப் பாகுபாட்டை எதிர்த்து 1955 டிசம்பரில் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அத்தனை நாளும் மக்களை வேலைக்குக் கொண்டுபோய்விட்ட கார்களுக்குப் பெட்ரோல் காசு எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு, ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண்ணும் அவர் தோழிகளும் விற்ற 'பை' என்னும் பலகாரத்திலும் கேக்கிலும் இருந்து வந்தது. பணம் எங்கிருந்து என்று கேட்டால் 'எங்கிருந்தும் இல்லை' என்று சொல்லலாம் என்பதற்காகத் தங்கள் குழுவுக்கு 'எங்குமில்லாச் சங்கம்' என்கிற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள். கொடுத்தவர்களின் வேலை போய்விடக்கூடாதே! போகும் வழியில் காரில் இதை ஒருத்தி சொன்னால் வண்டி கலகலவென்று ஆகிவிடும்.

கார்களில் யார் யாரோடு என்பதை முன்னாலேயே பிரித்துவிடுங்கள். விட்டால் பழகியவர்கள் ஒரே வண்டியில் ஏறிக்கொள்வார்கள். ஒவ்வொரு காரிலும் ஒரு புதியவர், ஒரு மூத்தவர். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். வழியில் உணவகம் உள்ளே விடாது என்பதால் அந்தக் காலத்தில் வறுத்த கோழி, ரொட்டி, அவித்த முட்டை, ஒரு துண்டு கேக் என்று செருப்பு அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு போவார்கள். இன்று உணவகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் குழுவில் எழுபது வயதுக்காரர் ஒருவர் அதே பெட்டியில்தான் கட்டிக்கொண்டு வருகிறார். புளியோதரைப் பொட்டலத்தோடு ரயில் ஏறிய வீட்டில் பிறந்தவள் நான், பெட்டியைப் பார்த்ததுமே எனக்குப் பசித்தது.

பணம்

குழுக்கள் உடைவது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வருடம் கடற்கரையில் வாடகை வீடு எடுத்தார்கள். தோழி தன் கடன் அட்டையில் முழுத் தொகையையும் கட்டினாள். கடைசி வாரத்தில் இரண்டு பேர் வரவில்லை என்றார்கள், காசும் தரவில்லை. யாரிடமும் கேட்க வாய் வராமல் அவளே அந்தக் கடனை ஐந்து மாதம் அடைத்தாள். அதற்குப் பிறகு வந்த விதிகள் இவை.

குழுவுக்குத் தனி வங்கிக் கணக்கு. இரண்டு பேர் பார்க்கமுடிய வேண்டும். மாதக் கடைசியில் கணக்கை எல்லாருக்கும் அனுப்பவேண்டும், இருப்பு நாற்பது டாலர்தான் என்றாலும்.

பங்கைக் குறைந்த எண்ணிக்கைக்குப் போடுங்கள். வீட்டு வாடகை 4,800 டாலர், வருவதாகச் சொல்பவர்கள் 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 400 என்று அறிவித்துவிட்டு மூன்று பேர் கழன்றுகொண்டால் மிச்சம் 9 பேருக்கும் 533 ஆகும். இன்னும் 133 கொடு என்று கேட்பது போல் கசப்பான வேலை வேறில்லை. முதலிலேயே 535 என்று சொல்லுங்கள். 12 பேரும் வந்துவிட்டால் ஆளுக்கு 135 திருப்பிக் கொடுக்கலாம். திருப்பிக் கொடுத்த காசுக்காக யாரும் கோபித்துக்கொண்டதாக வரலாறில்லை.

முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதிவரை திரும்பக் கிடைக்கும், எந்தத் தேதிக்குப் பின் கிடைக்காது என்பதை எழுதி, படித்தேன் என்று பதில் வாங்கிக்கொண்டுதான் காசை வாங்கவேண்டும். தனி அறை கேட்பவர் கூடுதல் தொகை தரவேண்டும், அதையும் முன்னாலேயே சொல்லுங்கள். விமானத்தில் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து போனால் பல நிறுவனங்கள் குழுக் கட்டணம் தரும். விடுதிகளும் பத்து அறை அளவில் மொத்தமாக ஒதுக்கித் தரும். சில இடங்களில் ஏற்பாட்டாளருக்கு ஒரு இடம் இலவசம். அதை நீங்கள் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை, மறைத்தால்தான் தப்பு. அவர்கள் அந்த இலவச இடத்தின் மதிப்பை எல்லாருக்கும் பங்கு போட்டுவிடுகிறார்கள்.

மொத்தமாகக் கட்டமுடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கரீபிய, மேற்கு ஆப்பிரிக்கக் குடும்பங்களில் 'சூசூ' என்பார்கள், ஜமைக்காவில் 'பார்ட்னர்'. பத்துப் பேர் மாதம் நூறு டாலர் போடுவார்கள், ஒவ்வொரு மாதமும் ஒருத்தி மொத்த ஆயிரத்தையும் எடுத்துக்கொள்வாள். தள்ளுபடியோ வட்டியோ கிடையாது. தோழி இதை எனக்கு மூச்சுப் பிடித்து விளக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் குலுக்கல் சீட்டு என்போம், என் அம்மா இருபது வருடம் பிடித்தாள் என்றேன். அன்றிலிருந்துதான் கணக்குத் தாள் என் கைக்கு வந்தது. சீட்டுக்கு உள்ள ஆபத்து சூசூவுக்கும் உண்டு: முதலில் எடுத்துவிட்டு ஓடிப்போகிறவர். அதனால் ஒரு வருடமாவது நடந்து பழகியவர்களை மட்டும் சேருங்கள், முதல் இரண்டு முறையும் மூத்தவர்களுக்குக் கொடுங்கள்.

இன்னொன்று. பணம் வாங்கிப் பயணத்தை விற்கத் தொடங்கினால் சில மாநிலங்களில் அது பதிவு செய்யவேண்டிய தொழில். கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, வாஷிங்டன், ஹவாய் ஆகியவற்றில் இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. தோழிகள் செலவைப் பங்கிட்டுக்கொள்வது வேறு, லாபம் வைத்து விற்பது வேறு. வெளிநாட்டுப் பயணம் என்றாலே உரிமம் உள்ள பயண முகவரிடம் கொடுத்துவிட்டு, உறுப்பினர்கள் நேரடியாக அவருக்கே பணம் கட்டும்படி செய்வது நிம்மதி.

தூரம் போகும்போது

கானாவின் கேப் கோஸ்ட், எல்மினா கோட்டைகள், அடிமைகளாக விற்கப்பட்டவர்கள் கப்பல் ஏறிய வாசல், இவற்றைப் பார்க்கவேண்டும் என்பது பலரின் ஆசை. பிரேசிலின் பாயியா மாநிலத்தில் கஷோயெய்ரா என்ற சிற்றூரும் இருக்கிறது. மாதாவின் பெயரில் கறுப்பின மூதாட்டிகள் நடத்தும் 'நல்மரண அன்னை சகோதரித்துவம்' என்ற சங்கம் ஆகஸ்ட் நடுவில் அங்கே திருவிழா எடுக்கிறது. பெண்களாகச் சேர்ந்து தலைமுறை தலைமுறையாக நடத்தும் சங்கம் ஒன்றைக் கண்ணால் பார்க்க வேறு இடம் தேட வேண்டாம். ஏற்பாட்டில் கோட்டைவிடக் கூடியவை: கானாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும், அது ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும். பிரேசிலுக்கு அமெரிக்கர்கள் 2025 ஏப்ரலில் இருந்து விசா எடுக்கவேண்டும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா என்பதைப் போட்டோ அனுப்பச் சொல்லி நீங்களே பாருங்கள், "இருக்கு இருக்கு" என்பதை நம்பாதீர்கள்.

அறைத் தோழியை முடிவு செய்ய ஒரு சின்ன வினாத்தாள்: குறட்டை உண்டா, எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், ஏசி எவ்வளவு வேண்டும், காலையில் யாரோடாவது பேசுவீர்களா. கடைசிக் கேள்விதான் முக்கியம்.

வாடகை வீடு எடுக்கும்போது யார் பெயரில் விண்ணப்பிப்பது என்பதும் யோசிக்கவேண்டியது. 2015இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஏர்பிஎன்பி என்ற வாடகை வீட்டுத் தளத்தில் சோதித்தபோது, கறுப்பினப் பெயர் என்று தெரியும் பெயரில் கேட்டவர்களுக்கு ஒப்புதல் கிடைப்பது 16 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த நிறுவனம் பிறகு விதிகளை மாற்றியது. இருந்தாலும் இவர்கள் உடனடி ஒப்புதல் தரும் வீடுகளையே தேடுகிறார்கள்.

முடி விஷயம் தமிழ் வாசகர்களுக்குப் புதிதாக இருக்கலாம். பயணத்துக்கு முந்தின வாரம் பின்னிக்கொள்ள ஐந்தாறு மணி நேரம் உட்காரவேண்டும், அதனால் பின்னல்காரரிடம் ஒரு மாதம் முன்பே நேரம் வாங்கிவிடுவார்கள். தூங்கும்போது போடும் சாட்டின் தொப்பியை மறந்தவளுக்குக் கொடுக்க ஒருத்தியின் பெட்டியில் எப்போதும் மூன்று உதிரி இருக்கும். விமான நிலையச் சோதனையில் பின்னலுக்குள் விரல் விட்டுத் தேடுவது பழைய குறை. புகார்களுக்குப் பின் 2015இல், விமான நிலையச் சோதனையை நடத்தும் டிஎஸ்ஏ அமைப்பு தன் ஊழியர்களுக்குப் பயிற்சி தர ஒப்புக்கொண்டது. இன்னும் நடக்கிறது என்பதால் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்புகிறார்கள்.

எங்காவது தகராறு வந்தால் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே பேசிவையுங்கள். ஒருத்தி மட்டும் பேசுவாள். ஒருத்தி நேரத்தையும் ஊழியர் பெயரையும் குறித்துக்கொள்வாள், முடிந்தால் படம் பிடிப்பாள். மற்றவர்கள் மூத்தவர்களை அழைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். வெளிநாடு போகும்போது பயண விவரத்தை அமெரிக்க வெளியுறவுத் துறை பயணிகளுக்காக வைத்திருக்கும் ஸ்டெப் திட்டத்தில் பதிந்துவிடுங்கள், காசு கிடையாது.

தலைவிக்கு ஓய்வு

மூன்றாவது வருடம் தோழிக்கு அலுத்துவிட்டது. எல்லாக் கேள்வியும் அவளுக்கே வரும், எல்லாக் குறையும் அவள் மேலேயே விழும். இப்போது பயணத்துக்கு ஒரு பொறுப்பாளர், நடைக்கு ஒருவர், பணத்துக்கு இருவர். வருடம் ஒருமுறை மாறும். கடவுச்சொற்கள், முகவர் எண், சென்ற வருடக் கணக்கு எல்லாம் ஒரு கோப்பில் இருக்கும். விக்டர் கிரீன் 1960இல் இறந்த பிறகும் கிரீன் புக் வெளிவந்தது, மனைவி ஆல்மா அதை எடுத்து நடத்தினார்.

கடைசியாக ஒரு வேலை. பயணம் முடிந்து வண்டியில் திரும்பும்போதே அடுத்த நடையின் தேதியைச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போய்த் துணி துவைத்து, திங்கள்கிழமை வேலைக்குப் போய்விட்டால் ஆறு வாரத்துக்கு யாரும் கண்ணில் படமாட்டார்கள். மாண்ட்கமரியில் இருந்து திரும்பும்போது ஜார்ஜியா எல்லையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் குதிக்கும். பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். அந்த இடத்தில்தான் அவள் எல்லாரையும் எழுப்பித் தேதி சொல்கிறாள்: முதல் சனி, காலை ஏழு, சரியான வாசல்.